வட்டி மட்டும்

செக்காலை ரோட்டில் மருந்துக் கடைக்கு மேல் மாடி,
புதன், வெள்ளி, இரவு ஏழரை.
ஜெனிட்டா மிஸ்ஸுக்கு இருபத்துமூன்று வயது,
எனக்கு நாற்பத்துநாலு.
அடுத்த வருஷம் முதல் கொச்சியிலிருந்து தலைமையலுவலகம் கூப்பிட்டால்
நானே ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும்.
இல்லாவிட்டால் என் நாற்காலியில் ஒரு பையன் உட்காருவான்.

இலக்கணம் ஏறவில்லை.
பாட்டு அனுப்பினார் மிஸ்.
"கேட்டுட்டு, அர்த்தம் எழுதிட்டு வாங்க."

பாடுகிறவளுக்குத் தொண்டையில் சளி,
அல்லது துக்கம்.
இருபது தடவை கேட்டதில் ஒரு வரி பிடிபட்டது:
உன் மேல் இன்னும் இன்ட்ரெஸ்ட் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்பாடா, தெரிந்த சொல்.
பதினேழு வருஷமாக
கொப்புடையாள் நகைக்கடன் போர்டில்
என் தலைக்கு மேல் தொங்கும் சொல்.
எழுதினேன்:
இந்தப் பெண் எதையோ அடகு வைத்திருக்கிறாள்.
நூற்றுக்கு ஒன்றேகால் என்றாலும் வருஷத்துக்குப் பதினைந்து ஆயிற்றே.
ரசீதைத் தொலைக்காமல் வைத்துக்கொள்வது நல்லது.

மிஸ் சிவப்பில் சுழித்தார்.
"வட்டி இல்ல மேடம். ஈடுபாடு."
அடுத்த வரியில் வரும் பாண்டும் பத்திரம் இல்லையாம், பந்தமாம்.
ஓவர்டிரா ஆனது கணக்கு இல்லையாம், மனசாம்.
பின் பெஞ்சில் சிங்கப்பூர் விசாவுக்குக் காத்திருக்கும் பையன்கள்
சிரிக்காதது போலச் சிரித்தார்கள்.

திரும்பும்போது கோயில் பக்கம் நெரிசல்.
ஸ்கூட்டியை நிறுத்திக் காலூன்றி நின்றேன்.
ஈடுபாடு.
ஈடு என்பது நான் தினமும் வாங்கி
உறையில் போட்டு, எண் எழுதி, அரக்கு வைத்துப் பூட்டுவது.
சொல்லுக்குள்ளேயே ஒரு லாக்கர் இருந்திருக்கிறது.
இத்தனை நாள் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.
பத்திரம் என்று ரிஜிஸ்டரிலும் எழுதுகிறேன்,
மதுரை பஸ் ஏறும் மகளிடமும் சொல்கிறேன்.
டெபிட் பக்கத்துக்கு எங்கள் பேரேட்டில் பேரே பற்று.
நாம் மட்டும் என்ன, நேராகவா பேசுகிறோம்?

மறுநாள் பதினொரு மணிக்கு உலகப்பன் வந்தார்,
கோட்டையூரில் கேஸ் சிலிண்டர் போடுகிறவர்.
ஒரு மோதிரம்.
கல்லுக்குக் கழிவு போக
மூன்று கிராம் இருநூறு மில்லி.
நாலு வருஷமாகத் திருப்பவில்லை,
ஏலத்துக்கும் விடவில்லை,
கெடு முடிய முடிய மாற்றி வைக்கிறார்.
"வட்டி மட்டும் கட்டிக்கிறேங்க."

கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பினேன்.
"இதுவரைக்கும் கட்டுன வட்டியில பாதி மோதிரம் வாங்கியிருக்கலாம்ண்ணே.
பையில பணம் தெரியுது.
அசலையும் கட்டி எடுத்துட்டுப் போங்களேன்."

பத்து ரூபாய்க் காசுகளைக் கவுண்ட்டரில் அடுக்கினார்.
ஒன்று உருண்டது, பிடித்தார்.
"கொண்டுபோய்?
பீரோவுல வச்சா, அது அவ விட்டுட்டுப் போனது.
இங்க இருந்தா
திருப்ப வேண்டியதுங்க."

பிரிண்டர் கத்திக்கொண்டே ரசீதைத் துப்பியது.
மேனேஜருக்குத் தெரியாமல்
அபராதம் பதினெட்டு ரூபாயைத் தள்ளிவிட்டேன்.
வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.
படி இறங்கும்போது அவர் மேல் கேஸ் வாசனை.

வெள்ளிக்கிழமை.
"மிஸ் அடைக்கம்மை, திருத்தம் எழுதினீங்களா?"
எழுந்து நின்றேன்.
யோசிக்காமல் வந்தது,
என் முதல் முழு வாக்கியம்:
"மிஸ், இட் இஸ் ஆல்சோ வட்டி."

அவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அரை மார்க் போட்டார்.

அடுத்த பாட்டில் யாரோ ஒருத்தர் கூட
இரவைச் செலவழிக்கிறார்களாம்.
எவ்வளவு என்று
கடைசி வரை சொல்லவில்லை.