இறங்கிய இடம்

வெள்ளி விழா மலருக்கு
நிறுவனத்தின் வரலாறு மூன்று பக்கம் வேண்டுமாம்.
என்னிடம் இருப்பது பறப்புப் பதிவேடு.
தேதி, எண், எரிபொருள், காற்று,
இறங்கிய இடம்.
கடைசிப் பத்தியில் மட்டும் யாரும் பொய் எழுதியதில்லை.

ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிப்போன தோல் ஷெட்.
வாடகை குறைவு, காரணம் வாடை.
மழை நாளில் தரை இன்றும் பச்சையாக வியர்க்கும்.
தோலை விரித்து ஆணியடித்துக் காயவைத்த பலகையில்
தாளை ஒட்டி எத்திராஜ் சார் முதல் இறக்கையை வரைந்தார்.
ஆணித் துளைக்கு நேரே வந்த போதெல்லாம்
பென்சில் ஒரு துள்ளு துள்ளியது.
கம்ப்யூட்டர் வந்த பிறகும்
நம் இறக்கைக்கு அந்தத் துள்ளல் போகலை என்பார் நூருல்லா.

அவர் மேல்விஷாரம்.
மரம் அறுக்கும் மெஷினின் இன்ஜினைக் கழற்றி
விமானத்தின் மூக்கில் மாட்டியவர்.
ஆம்பூரில் ஷூ மேல்தோல் தைத்துக்கொண்டிருந்த பூங்காவனம்
பாராசூட் தைக்க வந்த முதல் நாள்
"எந்த சைஸு?" என்றாள். "எட்டா, ஒன்பதா?"

ஓடுதளத்துக்குப் பாலாறு இருந்தது.
மணல் அள்ளிய குழிகளைத் தவிர்த்து
முந்நூறு மீட்டருக்கு முள்செடி வெட்டினால் போதும்.
"ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்,
தண்ணி இல்லாத ஆறு.
நம்ம ஜில்லா கணக்குல இது ஒண்ணுதான் பாக்கி"
என்று தேவசகாயம்
அதன் வயிற்றில் சாக்பீஸால் எழுதினார்:
ஆள் இல்லாத ஏரோப்ளேன்.

எண் 1. இறங்கிய இடம்: ஏறவில்லை.

எண் 4. கீழ்க்காற்று, பலம்.
இலவம்பாடி, முள்ளுக்கத்திரித் தோட்டம்.
தோட்டத்துக்காரர் முனிரத்தினம் நஷ்டத்தைக் கிலோ கணக்கில் கேட்டார்,
வாங்கிக்கொண்டு
நசுங்கிய காயையும் எங்கள் ஜீப்பிலேயே ஏற்றிவிட்டார்.

எண் 7. தெரியவில்லை.
மூன்று மாதம் கழித்து அமிர்தி காட்டுப் பக்கமிருந்து
ஆடு மேய்க்கிற ஒருவர் வாலை மட்டும் கொண்டுவந்தார்.
பஸ் காசுகூட வாங்கவில்லை.

பிறகு டெல்லியிலிருந்து கோப்புகள் வந்தன.
வயிற்றில் இரண்டு கிலோவுக்கு இடம் விடச் சொன்னார்கள்.
என்ன வைப்பீர்கள் என்று நாங்கள் கேட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை.
வரைபடத்தில் அந்தக் கட்டத்துக்குள்
'சுமை: பின்னர்' என்று எழுதினோம்.
எத்திராஜ் சார் அந்த ஒரு தாளில் மட்டும்
கையெழுத்தைச் சின்னதாகப் போட்டார்.
அடுத்த மாதம் வரவில்லை.
மலரில் 'உடல்நலக் குறைவு' என்று போடச் சொல்கிறார்கள்.
வாலாஜாவில் மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறார்.
உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

எண் 23.
ஏறி இருபது நிமிஷம் இருக்கும், போன் வந்தது:
பொன்னையில் திறந்துட்டாங்க.
பழைய செருப்பையும் தெர்மாகோலையும் தள்ளிக்கொண்டு
பழுப்பு நாக்கு ஒன்று வந்து
எங்கள் சுண்ணாம்புக் கோட்டை நக்கியது.
பாலத்தின் மேல் பஸ்ஸை நிறுத்திவிட்டுச் சனம் இறங்கியது.
யாரோ கற்பூரம் ஏற்றினார்கள்.
பூங்காவனம் ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள்.
நூருல்லா ரிமோட்டைப் பிடித்தபடி
கரையேறிக் கரையேறிப் பின்வாங்கினார்.
இறக்க இடமில்லை.

நாற்பது நிமிஷம் அது தலைக்கு மேலேயே சுற்றியது,
வானத்தில் யாரோ மரம் அறுப்பது போல.
பெட்ரோல் தீர்ந்தது. பாராசூட் விரிந்தது.
தையல் ஒன்றுகூட விடவில்லை.
நடு ஆற்றில் போய் உட்கார்ந்தது.

அன்று அந்தக் கட்டத்தில் வைத்திருந்தது கேமரா.
முழுகும் முன் எட்டுப் படம் அனுப்பியிருந்தது.
பாலம் நிறைய தலைகள்.
பாதிப் பேர் குனிந்து தண்ணீரைப் பார்க்கிறார்கள்,
மீதிப் பேர் அண்ணாந்து எங்களை...
எங்களை என்று எழுதிவிட்டேன்.
அதை.

பதிவேட்டில் 'பாலாறு' என்று எழுதி மூடப் போனேன்.
தேவசகாயம் பேனாவை வாங்கி
பக்கத்தில் சேர்த்தார்:
தண்ணி இருந்தது.