பதினாறு பக்கம்

சென்ட்ரிஃப்யூஜில் ரத்தம் பிரியப்
பத்து நிமிடம் ஆகும்.
என் வாசிப்புக்கு அளவு அதுதான்.
செக்காலை ரோட்டில், மாடிப்படிக்குக் கீழே பரிசோதனை நிலையம்.
ஆறரைக்கே வெறும் வயிற்றோடு
வரிசையில் நிற்பார்கள் சர்க்கரைக்காரர்கள்.
ஊசி எடுத்து, பஞ்சு வைத்து,
"கையை மடக்கிக்கங்க" சொல்லி,
குழாய்களை எதிரெதிராய் நிறுத்தி
மூடியை அழுத்தினால்
எனக்குப் பத்து நிமிடம்.
நல்ல எழுத்து என்றால் ஏழு பக்கம்.
ரொம்ப நல்ல எழுத்து என்றால் இரண்டு.

கையுறையோடு புரட்டுவதில்லை.
மற்றபடி ஒழுங்கானவள் இல்லை நான்.
கடைசிப் பக்கத்தை முதலிலேயே பார்த்துவிடுவேன்.
பாதியில் விட்டதை முடித்ததாகச் சொல்லியிருக்கிறேன்.
அடையாளத்துக்கு வைப்பது
பெயர் பிழையாகிப்போன குழாய்ச் சீட்டு:
'உமையாள், 54, சாப்பிட்ட பின்' என்று
ஒட்டிக்கொண்டு நிற்கிறது
அலமாரியில் ஒரு கொலைக்கதை.

பேரேடு ஒன்று உண்டு.
தேதி, பெயர், ஒரே ஒரு வரி.
'கதாநாயகி வேலைக்குப் போகிறாள்,
சம்பளம் மட்டும் வாங்குவதே இல்லை.'
'மழை நன்றாகப் பெய்கிறது. ஆட்கள் சரியில்லை.'
போன வருஷம் முடித்தது நாற்பத்தொன்று,
விட்டது பத்தொன்பது,
வாங்கியும் திறக்காதது
(அந்தப் பத்தியை மடித்து வைத்திருக்கிறேன்).

முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய சாமான் கடையில்,
பீங்கான் ஜாடிக்கும் கதவுநிலைக்கும் நடுவே
எனாமல் தொட்டி நிறையப் புத்தகம். எடைக்கணக்கு.
ஜாடியை விலை கேட்கக் காரில் வந்தார்கள்.
தொட்டிக்கு நானும் ஒரு பூனையும்.

அட்டை போன நாவல்.
ஒன்பதாம் பக்கத்தில் தொடங்கியது.
எழுதியது யாரோ. பேரேட்டில் பெயருக்கு நேரே
'நாற்பது ரூபாய்' என்று எழுதினேன்.

நூற்றுப் பதிமூன்றில் ஒருத்தி
தந்தி ஆபீசுக்குப் போகிறாள்.
காகிதம் வாங்குகிறாள்.
நூற்றிருபத்தெட்டில், எழுதாமலே திரும்புகிறாள்.
திருப்பினால்
மறுபடி நூற்றுப் பதிமூன்று.
அச்சகத்தில் யாரோ தூக்கக் கலக்கத்தில்
ஒரே ஃபாரத்தை இருமுறை கோத்திருக்கிறார்கள்.
அடுத்தது நூற்று நாற்பத்தைந்து:
பிள்ளைக்கு ஆறு வயது.

யார் பிள்ளை?
நூலகத்தில் கேட்டேன். "பேரு தெரியாதா?"
"தந்தி ஆபீஸ் வரும்" என்றேன்.
அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.
சென்ட்ரிஃப்யூஜ் சுற்றச் சுற்ற
அந்தப் பதினாறு பக்கத்தை
ஆறு விதமாய் நானே எழுதிப் பார்த்தேன்.
ஆறிலும் அவள் தந்தி கொடுத்துவிடுகிறாள்.

அடைக்கலம், புதுவயல், கோட்டையூர், பள்ளத்தூர் என்று சுற்றி
ஐஸ் பெட்டியில் மாதிரிகள் கொண்டுவருபவர்.
ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தவர்
எடுத்துப் புரட்டி, "கொண்டுபோகவா?" என்றார்.
குறையைச் சொல்லவில்லை நான்.
சோதனைதான், வேறென்ன.

பதினொரு நாள் கழித்து வந்தது,
முதுகில் ஐஸ் பெட்டியின் ஈரத்தோடு.
"எப்படி?"
"அந்தப் பொம்பள ரெண்டாந்தடவையும்
எழுதாமத் திரும்புறா பாருங்க,
அங்கதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு."
வாயைத் திறந்தேன்.
"மொதத் தடவ பயத்துல வந்துட்டா.
ரெண்டாந்தடவ பயமில்ல, வேற.
அதே சேலை, அதே குமாஸ்தா, அதே கேள்வி.
எழுதுனவன் ஒரு எழுத்து மாத்தலையே!
அப்பறம் பட்டுனு ஆறு வருஷம்.
அப்படித்தான போயிருது."

மெஷின் நின்றது.
யாருடைய ரத்தமோ
தெளிந்து இரண்டாகிக் கிடந்தது.
நான் போய் எடுக்கவில்லை.

"இதே ஆளு எழுதுனது வேற இருக்கா?"
"யாருன்னே தெரியாது."
"சரி, இதே மாதிரி இருந்தாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை, மறுபடி அதே தொட்டி.
கடைக்காரர் ஒருமாதிரிப் பார்க்கிறார்.
பக்க எண்களை ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்து
ஒழுங்காக இருப்பதையெல்லாம்
திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.