சுரங்கத்தில் விழுந்த பல்

கென்ட்டை விட்டு மூன்றாம் நாள்.
லக்சம்பர்க்கில் பெட்ரோல் மலிவென்று நிறுத்தியதில்
லோவியின் ஒற்றைச் செருப்பு அங்கேயே குடியேறிவிட்டது.
ஜெர்மனி நெடுக மழை.
ஆஸ்திரியாவில் வாந்தி, இரண்டு முறை.

எல்லை எல்லை என்கிறீர்களே,
கோடு எங்கே அப்பா?
ஃபீன் விடுவதாயில்லை.

கரவாங்கன் சுரங்கப்பாதையின் நடுவில்
ஆப்பிளைக் கடித்தவன் அலறினான்:
பல்!

இருக்கைக்கடியில் துழாவுகிறேன்.
பிஸ்கட் தூள், பிசுபிசுத்த ஒரு யூரோ,
போன கோடையின் கடல்மணல்.
பல்லைக் காணோம்.

ஆஸ்திரியாவில் விழுந்ததா, ஸ்லோவீனியாவிலா?
எந்த நாட்டு எலி வந்து காசு வைக்கும்?

கிரீட் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.
சிரிப்பை அடக்குகிறாள் என்பது
தோளில் தெரிகிறது.

திடீரென்று வெயில்.
புதிய ஓட்டை வழியே
லோவியின் நாக்கு
போகிறது, வருகிறது, போகிறது,
யாரும் நிறுத்தி
எதுவும் கேட்காமல்.