மூன்று படி

பாவடித் தெருவில் எங்கள் வீட்டுக்கு
ஏறிப்போக மூன்று படி இருந்தது.

முதல் தார் ரோட்டில் ஒன்று போனது.
கான்கிரீட் போட்டபோது இன்னொன்று.
மூன்றாவதைப் போன பங்குனியில்
பேவர் பிளாக் விழுங்கியது.
பழசைச் சுரண்டாமல்
அதன் தலையிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள்,
தோசைமேல் தோசை.

இப்போது ரோட்டிலிருந்து
வீட்டுக்குள் இறங்குகிறோம்.

ஐப்பசி மழையில் சாக்கடை
ஒறம்பரை மாதிரி கேட்காமல் உள்ளே வந்தது.
தறிக்குழி நிறைந்து
பாதி நெய்த போர்வை மிதந்தது.

பேரூராட்சியில் மனுக் கொடுத்தேன்.
கவுன்சிலர் மயிலாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க
அவர் வீட்டுக்காரர் பேசினார்:
"ரோடு வேணும்னீங்க, போட்டம்ங்.
இப்ப எதுக்குங்கறீங்க."
இன்ஜினியர் வந்து டேப்பை இழுத்துப் பார்த்தார்.
"உங்க வீடுதானுங்க பள்ளத்துல இருக்குது."

என் வாசலுக்கு நேராகவே
திறப்புவிழாக் கல்வெட்டு.
பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம்,
பதினோரு பெயர்கள்.
மேடு என்பதால் அது மட்டும் நனையவில்லை.

ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறவன்
ஆறேகால் லட்சம் கேட்கிறான்.
எத்தனை அடி தூக்கட்டும் என்றான்.
இன்னும் எத்தனை எலக்‌ஷன் வருமோ,
எனக்கென்ன தெரியும்.

நேற்று சொத்துவரி நோட்டீஸ்.
தெரு மேம்பட்டதால் வரியும் கூடியிருக்கிறதாம்.
பில் கலெக்டர் ரோட்டில் நின்றபடியே
குனிந்து நீட்டினார்.
நான் அண்ணாந்து வாங்கினேன்.