மக்கள்தொகை எட்டாயிரம்

தன் ஊர் ஒரு மாநிலத்தின் தலைநகர் என்றார் டோனா,
பின் இருக்கையிலிருந்து, காற்றுக்கு மேலே கத்தி.
மக்கள்தொகை எட்டாயிரம்.
வண்டியை ஓரங்கட்டினேன்.
எண்பதாயிரமா?
இரண்டு கட்டைவிரல்களையும் மடக்கிக்கொண்டு
மீதியைக் காட்டினார்.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி எங்கள் கல்லுக்கட்டியில்
நாலு புடவைக் கடைக்குள்
உங்கள் தலைநகர் அடங்கிவிடும் என்றேன்.
கோபம் வரவில்லை அவருக்கு.
பொன்முலாம் பூசிய கும்மட்டம் ஒன்று உண்டாம்,
யாரையும் கேட்காமல் உள்ளே போகலாமாம்.
மரப்பாகு விற்பார்கள்,
இலை சிவக்கும் மாதத்தில் பார்க்க ஆள் வரும்.
மற்றபடி அரசாங்கம்தான் தொழில்.
பனி பெய்தால் அதற்கும் லீவு.

நான் இயற்பியல் முதுகலை, இரண்டாம் ஆண்டு.
சனி ஞாயிறு வழிகாட்டி.
தலைக்கு முந்நூறு, ஹெல்மெட் உட்பட.
பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி
என்று மூன்று தேசத்தையும் ஒரே மூச்சில் சொல்வேன்;
நான் தாண்டியது திருச்சி வரை.
சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு என்றதும்
எல்லோரும் சுவரைத் தடவிப் பார்ப்பார்கள்.
டோனாவும் தடவியிருப்பார்.
கானாடுகாத்தானில் நான் காட்டும் வீடு
அன்றைக்குப் பார்த்துப் படப்பிடிப்புக்குப் போயிருந்தது.

தெருவை அடைத்து ஜெனரேட்டர் வேன்.
காவலாளி வெள்ளைக்கண்ணு என் காதருகே வந்து,
"ஒரு நாள் வாடகையில
நீ ரெண்டு வருசம் படிச்சு முடிச்சிரலாம்டா" என்றார்.
உள்ளே எவனோ எவளுக்கோ
ஏழாவது தடவையாகத் தாலி கட்டிக்கொண்டிருந்தான்.
கெட்டிமேளம் பாதியில் நின்றது.
எட்டாவது.

"சரி, நீ படிக்கும் இடத்தைக் காட்டு."

அது என் பட்டியலில் இல்லை.
அதற்கு என்ன வாங்குவதென்றும் தெரியவில்லை.
கூட்டிப்போனேன்.
நூலகத்தில் மின்விசிறிகளுக்கு நேர் கீழே மட்டும் ஆட்கள்.
ஆய்வகத்தில் நிறமாலைமானி நான்கு,
நாங்கள் முப்பத்தொரு பேர்.
டோனா கருவிகளை எண்ணினார், அப்புறம் முக்காலிகளை,
அப்புறம் கருவிகளை மறுபடியும்.
அவர் ஊரில் இருந்த கல்லூரியை மூடிவிட்டார்களாம்.
பிள்ளைகள் போதவில்லையாம்.
கருவிகளெல்லாம் என்ன ஆயின என்று
நான் கேட்ட வேகத்தில்
சோடியம் விளக்கடியில் நின்ற இன்பவள்ளி
சிரித்துவிட்டாள்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே பால் பணியாரம்.
ஸ்பூன் வேண்டாம் என்றுவிட்டு
விரலால் ஒன்றைத் துரத்திக்கொண்டே கேட்டார்:
"லட்சம் பேருக்கு மேல் என்கிறாயே,
இந்த ஊர் எதற்குத் தலைநகர்?"

எதற்கும் இல்லை.
மாவட்டத்துக்குக்கூட இல்லை.
கலெக்டர் ஆபீஸ் சிவகங்கையில்;
திங்கள்கிழமை குறைதீர் கூட்டம்,
விடியக்காலம் ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால்
வரிசையில் முதல் நூறுக்குள் வரலாம்.
உதவித்தொகை மனு. இது மூன்றாவது.
பெட்ரோல் டேங்க் உறையிலிருந்து எடுத்துக் காட்டினேன்,
பால் சொட்டாத தூரத்தில் பிடித்து.

ஓர் எழுத்தும் தெரியாது அவருக்கு.
ஆனாலும் தலை குனிந்து மேலிருந்து கீழாகப் பார்த்தார்,
பக்கத்தைத் திருப்பினார்,
இணைப்புகள் எத்தனை என்று ஓரத்தைத் தட்டிச் சரிபார்த்தார்.
முப்பத்திரண்டு வருடம்
அந்தக் கும்மட்டத்துக்குக் கீழே
மனு வாங்கும் ஜன்னலில் இருந்தவராம்.
அதை அப்போதுதான் சொன்னார்.

கையைச் சேலைக்காரி போல முழங்கால் துணியில் துடைத்துவிட்டு
முதல் பக்கத்தின் இடது மூலையில்
நான் எழுதாமல் விட்டிருந்த வெற்றிடத்தில்
கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.
"முத்திரை இங்கேதானே?"

அங்கேதான்.
மூன்று தடவையும் அங்கேதான்.