இடப்பக்கம் வளைந்த டிக்

கிரிம்ஸ்பியில் அன்றைக்கும் காற்றில் மீன் வாடை.
டெஸ்மண்ட் ஸ்கெல்ட்டன் என் கதவைத் தட்டினார்,
கையில் ஒரு பிஸ்கட் டப்பா.
உள்ளே பிஸ்கட் இல்லை,
இருபத்து மூன்று வருஷத்துக் காகிதம்.

"ஆகஸ்டோடு கெடு முடிகிறதாமே, பெவ்.
பாரத்தை நீ நிரப்பித் தாயேன்.
எனக்கு எழுத்தெல்லாம் நீந்துகிறது."

சோபாவுக்கு எடுத்த கடன் அட்டை அது.
பச்சை வெல்வெட், மூன்று பேர் உட்காரலாம்.
ஏழாம் வருஷம் ஸ்பிரிங் வெளியே வந்து
நாயே படுக்க மறுத்துவிட்டதாம்.
கடன் மட்டும் பதினோராம் வருஷம்வரை
கால் மடக்காமல் நின்றது.

அதன் முதுகில் இன்னொன்று,
மாதம் ஒன்பது பவுண்டு நாற்பது.
பெயர் காப்பு.
வேலை போனால் தவணையை அது கட்டும்,
எலும்பு முறிந்தால் அது கட்டும்.
ஆனை அசைந்து தின்னும்;
இது அசைந்ததாக யாரும் பார்த்ததில்லை.

டெஸ்மண்ட் கூரை வேய்கிறவர்,
தனக்குத் தானே முதலாளி.
ஒரு நவம்பரில் ஏணி வழுக்கி
இடுப்பு முறிந்து கிடந்தபோது
அது கட்டவில்லை.
சுயதொழில் செய்வோருக்குப் பொருந்தாது:
பதினான்காம் பக்கம், எறும்பு எழுத்து.
மேவிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் இரட்டை வேலை பார்த்து
தவணையையும் கட்டினாள்,
காப்பையும் கட்டினாள்.

கார்பன் நகலைத் திருப்பினேன்.
கையெழுத்துக்கு மேலே ஒரு சின்னக் கட்டம்,
கட்டத்துக்குள் ஊதா நிறத்தில் ஒரு டிக்,
வால் இடப்பக்கம் வளைந்து.

நான் இடக்கைக்காரி.
அந்தக் கடையில் இப்படி வால் வளைக்கிறவள்
ஒருத்திதான் இருந்தாள்.

டிக்குக்கு இரண்டு பவுண்டு.
வெள்ளிக்கிழமை மேனேஜர் பலகையில்
எங்கள் பெயருக்கு நேரே கோடு போடுவார்.
பதினெட்டுக் கோடு விழுந்த வாரம்
மகனுக்கு ஷூ வாங்கினேன்,
அளவு பார்த்து, புதுசாக.

பாரத்தில் ஆறாவது கேள்வி:
விற்றவர் உங்களிடம் என்ன சொன்னார்?

டெஸ்மண்ட் விட்டத்தைப் பார்த்தார்.
"எங்கே ஞாபகம்? நல்ல பெண்.
சிரித்த முகம். மேவிஸுக்குக்கூடப் பிடித்திருந்தது."

நான் எழுதிக்கொண்டே போனேன்:
'இது கடனோடு கூடவே வரும், சார்.
இல்லாவிட்டால் அட்டை கிடைப்பது கஷ்டம்.
எல்லாம் நிம்மதிக்குத்தானே.'

மூன்று வாக்கியம்.
தாளில் அச்சடித்துக் கொடுத்து
கழிப்பறைக் கண்ணாடி முன் சொல்லிப் பழகவைத்த
மூன்று வாக்கியம்.
பெற்ற பிள்ளை பேர் மறந்தாலும்
நாக்கு அதை மறக்காது.

"சொல்லுக்குச் சொல் உனக்கெப்படித் தெரியும்?"

கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது.

"உங்கள் தலையில் கட்டினது நான்தான், டெஸ்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
பேனா பிடித்த கையைப் பார்த்தார்.
"உனக்கு எவ்வளவு கிடைத்தது?"
"இரண்டு பவுண்டு."
"இரண்டா?"

கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.
இவ்வளவு மலிவாகவா போனோம் என்று
அவருக்குத்தான் கூச்சம் வந்தது.

"எழுதி முடி," என்றார்.
"விற்றவர் பெயர் கேட்டிருக்கிறான் பார், கீழே."
எழுதினேன். கல்யாணத்துக்கு முந்தைய பெயர்.
எழுத்துக்கூட்டத் தடுமாறியது.

ஜூலையில் காசோலை வந்தது.
இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம்,
வட்டி சேர்த்து, அதற்கு வரி பிடித்து.
கூடவே ஒரு வருத்தம்,
அச்சடித்த கையெழுத்தோடு.

டெஸ் ஒரு சாய்வு நாற்காலி வாங்கினார், ரொக்கத்துக்கு.
கடைப் பையன் ஐந்து வருஷக் கூடுதல் உத்தரவாதம்
வேண்டுமா என்று கேட்டானாம்.
"உனக்கு எவ்வளவு கிடைக்கும் தம்பி என்றேன்.
சொல்லவில்லை. காது சிவந்துபோனது."

"வாங்கினீர்களா?"

டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார்,
சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது.