எல்லைக்கோட்டுக்காரர்

மொண்டேவீடியோவில் ஜூலைக் காற்று
ஆற்றிலிருந்து ஏறிவந்து
அடகுக்கடைக் கண்ணாடியைத் தட்டும்.
அதோடு சேர்ந்தே உள்ளே வந்தார்
நிகாசியோ பெர்ருத்தி,
ஒரு காலத்தில் எல்லைக்கோட்டு நடுவர்.
மேல்கோட்டின் உள்பையில் ஒரு காலுறை,
காலுறைக்குள் ஒரு பொற்காசு.

கண்டம் முழுக்க ஆடிய ஏதோ ஒரு கோப்பையின்
நினைவுக்காசு.
அரையிறுதியில் விசில் ஊதியவருக்கும்
கொடி பிடித்தவர்களுக்கும்
ஆளுக்கொன்று தந்தார்களாம்.
ஒரு பக்கம் அரங்கத்துக் கோபுரம்.
மறுபக்கம் பந்து, பாய்ந்து நீட்டிய ஒரு கை,
இரண்டுக்கும் நடுவே நூலிடை.
இத்தனை வருஷமாக அந்தப் பந்து
போகவும் இல்லை, பிடிபடவும் இல்லை.

"பெட்டி, சான்றிதழ் ஏதாவது?"
"பெட்டியில் என் மனைவி ஊசிகள் வைத்திருந்தாள்.
சான்றிதழை நான் கிழித்தேன்."
அப்படியானால் தங்கத்துக்கு மட்டும்தான் விலை,
போட்டிக்குக் கிடையாது, என்றேன்.
"போட்டிக்கு நான் கொடுத்தாகிவிட்டது."

உரைகல்லில் இழுத்தேன்.
அமிலம் ஒரு சொட்டு.
கோடு கலையவில்லை, மாற்று குறையவில்லை.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு
அந்தக் கோட்டையே குனிந்து பார்த்தார்.
"அன்றைக்கும் இவ்வளவுதான். ஒரு பூட்ஸ் முனை.
எதிர்வெயில்.
கொடியைத் தூக்கியது கை, கண் இல்லை.

அந்த கோல் போட்ட பையன்
இப்போது தாக்குவரெம்போவில் டயர் விற்கிறான்.
ஒருமுறை பேருந்து ஏறிப் போய்
ஒரு டயர் வாங்கிவந்தேன்.
எனக்குக் கார் கிடையாது."

தராசு முள்
ஏறவா இறங்கவா என்று நடுங்கிக்கொண்டிருந்தபோது
அவர் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
ஏழே முக்கால் கிராம்.
பல் கட்ட வேண்டுமாம்; கீழ்வரிசை.
நோட்டுகளை எண்ணாமல்
அதே காலுறைக்குள் திணித்தார்.

வியாழக்கிழமைகளில் முதலாளி உருக்குவார்:
அறுந்த சங்கிலிகள்,
ஜோடி தொலைத்த தோடுகள்,
உள்வளைவில் யாரோ ஒருவரின் பெயர் வெட்டிய மோதிரங்கள்.
அந்த வாரம் கோபுரமும் கையும் பந்தும்
ஒரு மொச்சைக் கொட்டை அளவுக்குச் சுருங்கின.

வெள்ளிக்கிழமை மறுபடியும் வந்தார்.
கன்னம் வீங்கியிருந்தது, பேச்சு குழறியது.
"எந்தப் பக்கம் முதலில் இளகியது?"

வியாழன் எனக்கு விடுமுறை.
கோலோனியாவில் அக்காள் வீட்டில்
பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

"பந்து இருந்த பக்கம்" என்றேன்,
ஒரு நொடிகூடத் தயங்காமல்.

உறுதியாகத் தெரியுமா என்று
அவர் கேட்கவில்லை.
அந்தக் கேள்வியை எண்பதாயிரம் பேர்
ஒரே குரலில் கேட்டதை
அவர் கேட்டிருக்கிறார்.
தொப்பியைச் சரிசெய்துகொண்டு
காற்றுக்குள் இறங்கிப் போனார்.